அண்ணா நூற்றாண்டு நூலகம்: மேசையில் உட்காராத நூலகர்

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஏசி, எட்டு மாடி, போட்டித் தேர்வுக் கூட்டம் என்றுதான் எழுதுகிறார்கள். நான் சொல்லப் போவது ஒரு தள்ளுவண்டியைப் பற்றி.

போன மாதம் அத்தையைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பூர்வீக நிலத்தில் அவருக்குப் பங்கு உண்டா இல்லையா என்று வீட்டில் ஆளுக்கொரு சட்டம் பேசுகிறார்கள், அத்தைக்கோ வக்கீலிடம் போகும் முன் தானே ஒருமுறை படித்துப் பார்த்துவிட வேண்டும். முதலில் வேறொரு நூலகத்துக்குத்தான் போனோம், பெயர் வேண்டாம். மேசையில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "கடைசி ரேக், பாருங்க" என்றார். பார்த்தோம், தூசிதான் மிச்சம்.

இங்கேயும் சட்டப் பிரிவில் முழித்துக்கொண்டுதான் நின்றோம். திரும்ப அடுக்க வேண்டிய புத்தகங்களைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு நூலகர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "என்னம்மா தேடுறீங்க?" என்று கேட்டார். அத்தையிடம்தான் கேட்டார், என்னிடம் இல்லை. "சொத்து விஷயம்" என்று அத்தை மென்று முழுங்கினார். பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்கிற மேசையாக இருந்தால் அதைக்கூடச் சொல்லியிருக்க மாட்டார்.

அந்த நூலகர் அம்மா மெதுவாக மூன்றே கேள்வி கேட்டார். பூர்வீகமா, அப்பா சம்பாதித்ததா? கல்யாணம் எந்த வருஷம்? பாகப்பிரிவினை ஆகிவிட்டதா? அத்தை, "1986-லம்மா, பாகமெல்லாம் பிரிக்கல" என்றார். "பங்கு வருமா வராதான்னு நான் சொல்லக்கூடாது, அது வக்கீல் வேலை. சட்டம் எங்க இருக்குன்னு காட்டுறேன்" என்று சொல்லிவிட்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தை எடுத்தார். எடுத்ததும் முதலில் பார்த்தது பதிப்பு வருஷத்தை. 2005-க்கு முந்தையதைப் படித்தால் ஏமாந்துபோவீர்களாம்.

விஷயம் அங்கேதான் இருந்தது. தமிழ்நாட்டின் 1989 திருத்தம் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்தது, ஆனால் அந்த வருஷம் மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணம் ஆனவர்களை விட்டுவிட்டது. 2005-இல் மத்திய அரசு இதே சட்டத்தின் 6-ஆம் பிரிவைத் திருத்தியபோது அந்த விலக்கு இல்லை. திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பையும் அங்கேயே நின்றபடி என் போனில் தேட வைத்தார். அத்தை 6-ஆம் பிரிவை முழுசாக நோட்டில் எழுதிக்கொண்டார், அரை மணி நேரம், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து.

இப்படி வாசகரைத் தேடிப் போவது நம் ஊருக்குப் புதுசும் இல்லை. 1931-இலேயே மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகத்தை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போயிருக்கிறார்கள். வாசகரின் நேரத்தைச் சேமி என்று நூலகவியல் அறிஞர், சீர்காழிக்காரர் ரங்கநாதன் விதி எழுதியதும் அதே வருஷம்தான்.

எல்லாரிடமும் இப்படிப் போய்க் கேட்டால் எரிச்சலாகும் என்பதும் சரிதான். காதில் ஹெட்போன் மாட்டிப் படித்துக்கொண்டிருந்த பையன்கள் பக்கம் அந்த நூலகர் திரும்பவே இல்லை, முழிக்கிறவர்களை மட்டும்தான் பார்த்தார். ஒன்று தோன்றியது, நூலகர்கள் சட்டையில் 'கேளுங்கள்' என்று ஒரு பட்டை குத்திக்கொண்டால் அத்தை மாதிரி கூச்சப்படுகிறவர்கள் தாங்களாகவே வாய் திறப்பார்கள்.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. கம்ப்யூட்டரில் தேடிக் கிடைக்கவில்லை என்றால் உடனே கிளம்பிவிடாதீர்கள், அலமாரி பக்கத்திலேயே கொஞ்ச நேரம் முழித்துக்கொண்டு நில்லுங்கள்.