18650-ஆ, 21700-ஆ? இரண்டு டார்ச்சுகளோடு சில வருடப் பழக்கம்

என்னிடம் இருக்கும் இரண்டு டார்ச்சில் ஒன்று ஒல்லி உடம்பு, அகலத் தலை; 18650 பேட்டரி. இன்னொன்று குட்டையும் குண்டுமானது, 21700 பேட்டரி. பெட்டியில் போட்டிருந்த லூமன், முன்னதுக்கு 1000, பின்னதுக்கு 3000. ஆனால் தூரத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் நான் எடுப்பது ஒல்லியைத்தான்.

காரணம் கேண்டெலா. லூமன் என்பது டார்ச் கொட்டுகிற மொத்த வெளிச்சம். அதை எவ்வளவு குறுக்கி ஒரே திசையில் அனுப்புகிறது என்பதைச் சொல்வது கேண்டெலா. அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால், வெளிச்சம் எவ்வளவு தூரம் எட்டும் என்று பெட்டியில் போடும் மீட்டர் கணக்கு வந்துவிடும். ஒல்லிக்கு 40,000 கேண்டெலா, அதாவது 400 மீட்டர். குண்டுக்கு 14,400தான்; 240 மீட்டர். பல்பைச் சுற்றியிருக்கும் ஆழமான கண்ணாடிக் கிண்ணம், அதாவது ரிஃப்ளெக்டர், செய்கிற வேலை இது. ஆனால் அந்த 400 மீட்டரை அப்படியே நம்ப வேண்டாம். வெளிச்சம் 0.25 லக்ஸாகக் (லக்ஸ் என்பது ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) குறையும் தூரம்தான் அந்த எண். கிட்டத்தட்ட முழு நிலா வெளிச்சம். அங்கே நிற்பது ஆளா, மரமா என்றே தெரியாது. பாதித் தூரத்தில் நான்கு மடங்கு வெளிச்சம் விழும். நான் வைத்துக்கொள்ளும் கணக்கு அதுதான்.

பக்கத்தில் வேலை என்றால் குண்டுக்கு ஈடில்லை. காலடி முதல் இரு ஓரமும் சேர்த்து ஒரே சீராகத் தெரியும். ஒல்லி அந்த இடத்தில் நடுவில் ஒரு பொட்டு வெளிச்சத்தைக் குத்திக் கண்ணைக் கூச வைக்கும்.

பேட்டரிக்கு வருவோம். 18650 என்றால் 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம், 21700 என்றால் 21, 70. பார்க்க அற்ப வித்தியாசம். ஆனால் பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் எம்ஏஎச் கணக்கில், நல்ல 18650 சுமார் 3500-ஓடு நின்றுவிடும். 21700-இல் 5000 சாதாரணமாகக் கிடைக்கும். 9900 என்று அச்சடித்த 18650 கண்ணில் பட்டால் தொடவே தொடாதீர்கள், சுத்தப் பொய்.

சரி, அந்த 5000 எம்ஏஎச் 3000 லூமனை எவ்வளவு நேரம் தாங்கும்? 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 18 வாட் ஹவர். ஒரு வாட்டுக்கு 100 லூமன் என்று வைத்தால் 30 வாட் இழுக்கும். அரை மணிக்குக் கொஞ்சம் மேலே வந்தால் அதிகம். பெட்டியில் மணிக்கணக்கில் போட்டிருப்பார்கள். ஆரம்ப வெளிச்சத்தில் பத்து சதவீதமாகத் தேயும்வரை எண்ணுவதுதான் அங்கே வழக்கம். நடைமுறையில் அரை மணிகூட டர்போ, அதாவது அந்த உச்ச வெளிச்சம், நிற்காது. சில நிமிடங்களில் தலைப் பக்கத்து வரிவரியான அலுமினியம் சுட ஆரம்பிக்கும், கட்டைவிரல் தானாகப் பின்னால் நகரும், டார்ச்சும் சத்தமில்லாமல் 1000 லூமன் பக்கம் இறங்கிவிடும். கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது என்பது வேறு விஷயம். ஆகவே வாங்கும்போது நான் முதலில் தேடுவது, சூடாகாமல் தொடர்ந்து தரும் வெளிச்சம் எவ்வளவு என்பதைத்தான்.

வெளிச்சத்தின் நிறத்தில் 5000 கெல்வின் போதும். 6500 நீலம் பாய்ந்து, இலையும் மண்ணும் ஒரே சாம்பலாகத் தெரிகிறது.

பராமரிப்பு சுலபம். வெளிச்சம் மினுக்கினால் பின்மூடியின் மரையைத் துணியால் துடைத்து, அங்கே இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் துளி சிலிக்கான் கிரீஸ் தடவினால் போதும். பையில் வைக்கும்முன் அதே மூடியைக் கால் சுற்று தளர்த்திவிடுவேன், தானாக எரியாது. குண்டில் சார்ஜிங் துளையின் ரப்பர் மூடி தளர்ந்துவிட்டது. இப்போது பேட்டரியைக் கழற்றி வெளிச் சார்ஜரில்தான் போடுகிறேன்.