தெர்மோஸ்டாட் இல்லாமல் ஆயில் கூலர் மாட்டாதீர்கள்

என்னுடையது பழைய மாருதி எஸ்டீம் கார். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் எப்போதாவது ஓட்டத்தான் வைத்திருக்கிறேன். அந்த 2.1 கிலோமீட்டர் டிராக்கில், மே மாத வெயிலில் ஆறு சுற்று போனாலே இன்ஜின் ஆயில் 130 டிகிரியைத் தொட்டுவிடும். போன வருஷம் ஆயிலைக் குளிர வைக்கும் கூலர் மாட்டியதும் 118க்கு மேல் ஏறவில்லை. சந்தோஷம்தான், மார்கழி வரும் வரைக்கும்.

ஊட்டியில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு விடிகாலையில் கிளம்பினேன். புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. குன்னூர் தாண்டி பர்லியாறு வரை இறங்கியும் ஆயில் மீட்டர் 60ஐத் தாண்டவில்லை. டேஷ்போர்டு முள் மட்டும் வழக்கம்போல நடுவில் நின்றது. அது ரேடியேட்டர் தண்ணீரின் சூடு. அதை வைத்து ஆயிலைக் கணக்குப் போடக் கூடாது.

நாலைந்து தடவை இப்படி மலைக்குப் போய்வந்த பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால், அடியில் வெண்ணெய் அப்பிய மாதிரி ஒரு படலம். ரேடியேட்டர் தண்ணீர் (கூலன்ட்) ஆயிலில் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டதோ என்று வயிறு கலங்கிவிட்டது. மெக்கானிக் அண்ணன் கூலன்ட் அளவைப் பார்த்தார், குறையவில்லை. படலத்தை விரலால் வழித்துவிட்டுச் சிரித்தார். "ஏனுங்க தம்பி, ஸ்வெட்டர் போட வேண்டிய வண்டிக்கு விசிறி வெச்சுட்டு ஊட்டிக்குப் போயிருக்கீங்க." ஆயில் போதுமான அளவு சூடேறாததால் உள்ளே சேர்ந்த ஈரம் ஆவியாகவில்லை, அவ்வளவுதான்.

அவர் சொல்லி வாங்கியதுதான் இந்தத் தெர்மோஸ்டாட் சாண்ட்விச் பிளேட். இன்ஜினுக்கும் ஆயில் ஃபில்டருக்கும் நடுவில் உட்காருகிறது. 80 டிகிரி வரும் வரை ஆயிலைக் கூலர் பக்கம் விடாமல் திருப்பிவிடுகிறது. முழுக்க அடைப்பதில்லை, கொஞ்சம் ஓட விடுகிறது. இல்லாவிட்டால் வால்வு திறக்கும்போது கூலரில் கிடக்கும் ஜில்லென்ற ஆயில் மொத்தமாக உள்ளே பாயும்.

தை மாதம் அதே பாதையில் இறங்கினேன். குன்னூரிலேயே 82. மூடியும் சுத்தம். கரியில் பழையபடி 118தான், அங்கே ஒன்றும் குறைந்துபோகவில்லை.

குறை உண்டு. பெட்டியில் மாட்டும் விவரம் ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை. கூட வந்த ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) முதல் நாளே ஒழுகியது, வேறு வாங்கிப் போட்டோம். அப்புறம், ஃபில்டர் ஒரு அங்குலம் வெளியே தள்ளி நிற்பதால் கழற்றக் கை நுழைவதில்லை. ஆயில் மாற்றப் போனால் அண்ணன் முணுமுணுக்கிறார். முதலில் ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பானெட்டையே திறக்கிறேன்.