தாளா, பேச்சா, செய்து காட்டுவதா?

சளி பிடித்த குழந்தையை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று மருத்துவமனையில் நாம் பெற்றோருக்குப் பெரும்பாலும் வாயால்தான் சொல்லி அனுப்புகிறோம். அழுகிற பிள்ளையை மடியில் வைத்திருப்பவர் காதில் அதில் பாதிதான் ஏறும். "புரிந்ததா?" என்றால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கேள்வியே தப்பு. "வீட்டுக்குப் போய் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால்தான் எது விழுந்தது, எது விழவில்லை என்று தெரியும்.

அச்சிட்ட தாள் நடுராத்திரியிலும் கைகொடுக்கும். ஒரு வயதுக்குள் தேன் கூடாது, சளி வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது என்பதெல்லாம் தாளில் இருந்தாலே போதும். நாள்கணக்கு கட்டாயம் இருக்க வேண்டும்: சளி பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் அடங்கும், இருமல் அதற்குப் பிறகும் இழுக்கலாம். இது தெரியாதவர்தான் நான்காம் நாளே வேறு மருந்து கேட்டு வந்து நிற்கிறார்.

ஆனால் மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விடுவதைத் தாள் படித்துக் கற்க முடியாது. குழந்தையை மல்லாத்தி, தலையை லேசாகப் பின்னுக்குச் சாய்த்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு மூன்று சொட்டு விட்டு, கொஞ்சம் பொறுத்து உறிஞ்சியால் (அமுக்கிவிட்டால் சளியை இழுக்கும் சின்ன ரப்பர் குமிழ்) எடுக்க வேண்டும். உறிஞ்சியை வெளியிலேயே அமுக்கிக்கொண்டு பிறகுதான் மூக்கில் வைக்க வேண்டும். உள்ளே வைத்து அமுக்கினால் சளி இன்னும் உள்ளே போகும். பால் கொடுக்கும் முன் இதைச் செய்தால், மூச்சுக்குத் திணறிப் பாலை விட்டுவிட்டு அழுவது குறையும்.

மூச்சு வேகமாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பதும் அப்படித்தான். அழாத நேரத்தில் சட்டையைத் தூக்கி, முழு 60 வினாடி எண்ண வேண்டும். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குவது சரிவராது, சின்னக் குழந்தையின் மூச்சு சீராக இருக்காது. 2 மாதத்துக்குள் 60, 2 முதல் 11 மாதம் வரை 50, 1 முதல் 5 வயதுக்குள் 40, அல்லது அதற்கு மேல் என்றால் வேகமான மூச்சு. மூச்சுக்குத் திணறும் குழந்தைக்கு, மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழிவதை வீடியோவில் காட்டினால் படத்தைவிட நன்றாகப் பதியும்.

செய்து காட்ட நேரம் பிடிக்கும், உண்மைதான். ஐந்து நிமிடம்தான் இருக்கிறது என்றால், நான் மூச்சு எண்ணுவதை மட்டும் அவர்களையே செய்யவைப்பேன். மிச்சத்தைத் தாள் பார்த்துக்கொள்ளட்டும். அப்புறம், தாளின் தலையில் பேனாவால் ஒரு வரி: 3 மாதத்துக்குள் 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் என்றால் காத்திருக்காமல் வாருங்கள்.