பிரிட்னியோட 'பிளாக்அவுட்': வருஷக்கணக்கா கேட்டதுக்கப்புறம் ஒரு ரிவ்யூ

அமெரிக்க பாப் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸோட 'பிளாக்அவுட்' ஆல்பத்த வந்த புதுசுல இருந்து இன்னிக்கு வரைக்கும் கேட்டுட்டு வர்றேன், முதல்ல சிடி, அப்புறம் எம்பி3, இப்ப ஸ்ட்ரீமிங், அதனால 2007ல விமர்சகர்கள் சொன்னதுல எது இன்னிக்கும் நிக்குது, எது நிக்கலன்னு எழுதிடலாம்னு தோணுச்சு.

2003ல 'இன் தி ஸோன்' வந்ததுக்கப்புறம் நாலு வருஷம் புது ஆல்பமே இல்ல. நடுவுல கல்யாணம், ரெண்டு குழந்தைங்க, டைவர்ஸ், மொட்ட அடிச்சுக்கிட்டது, எங்க போனாலும் பின்னாடியே துரத்துற கேமராக்காரங்க. 2007 செப்டம்பர் 9 அன்னிக்கு லாஸ் வேகாஸ் எம்டிவி விருது மேடையில இந்த ஆல்பத்தோட 'கிம்மி மோர்' பாட்டுக்கு ஆடினத வச்சு எல்லாரும் கிழி கிழின்னு கிழிச்சாங்க. பாட்டெல்லாம் லீக் ஆனதால நவம்பர்ல வர வேண்டிய ஆல்பம் அக்டோபர் கடைசிலயே வந்துச்சு. அமெரிக்காவுல முதல் வாரம் 290,000 காப்பி வித்தும் ரெண்டாவது இடம்தான், ஏன்னா அதே வாரம் விற்பனைப் பட்டியல் போடுற பில்போர்டு பத்திரிகை ரூல மாத்தி, அங்க வால்மார்ட் கடைங்க மூலமா மட்டும் வித்த ஈகிள்ஸ் ராக் பேண்டோட ஆல்பத்தையும் கணக்குல எடுத்துக்கிட்டாங்க. பிரிட்னியோட அதுக்கு முந்தின நாலு ஸ்டுடியோ ஆல்பமும் நேரா முதலிடத்துக்குப் போனவை.

விமர்சனம் கலவையா வந்துச்சு. பிரிட்டிஷ் பத்திரிகை கார்டியன் நல்லா பாராட்டிட்டு, ஆனா இந்த வம்புப் பேச்சு இரைச்சலத் தாண்டி யார் காதுல விழும்னு கேட்டிருந்தாங்க, அது நியாயமான கேள்விதான். பலர் சொன்ன குறை வேற: குரல மெஷின்ல போட்டு அரைச்சிருக்காங்க, இதுல பிரிட்னியே இல்ல, இது ப்ரொட்யூசர்களோட ஆல்பம்னு.

இத்தன வருஷம் கேட்டதுல எனக்குத் துளியும் ஒத்துக்க முடியாதது இதுதான். 'பீஸ் ஆஃப் மீ' எடுத்துக்கோங்க, ஆளாளுக்கு அவங்கள பிச்சுத் தின்ன வர்றாங்கன்னு சொல்ற பாட்டு, அதுல பிளட்ஷை அண்ட் அவாண்ட்ங்கிற ஸ்வீடன் ப்ரொட்யூசர் ஜோடி பிரிட்னி குரலையே வெட்டி, சுருதி இறக்கி, துண்டு துண்டா போட்டிருக்காங்க, பின்னாடி ஸ்வீடன் பாடகி ராபினோட குரல் வேற. பாட்டு சொல்ற விஷயத்த அந்தக் குரலுக்கே பண்ணிக் காட்டினா அது எப்படி குறை ஆகும்? 'பிரேக் தி ஐஸ்'ல நடுவுல பீட் மாறுற இடத்துல, இந்த இடம் எனக்குப் புடிக்கும்னு சாதாரணமா பேசுற குரல்ல சொல்லிட்டு உள்ள போவாங்க பாருங்க, அந்த ஒரு செகண்ட் போதும், ஆள் அங்க முழுசா இருக்காங்க. ஆல்பத்தோட எக்ஸிக்யூட்டிவ் ப்ரொட்யூசரா அவங்க பேர்தான் போட்டிருக்கு, அதையும் அப்ப யாரும் பெருசா எடுத்துக்கல.

டான்ஜாங்கிற ப்ரொட்யூசர் பண்ணின பாட்டுங்கள நல்ல ஹெட்ஃபோன்ல கேக்கணும், போன் ஸ்பீக்கர்ல பேஸ் சுத்தமா காணாமப் போயிடும். 'ஹெவன் ஆன் எர்த்'ல குரல் மேல குரலா அடுக்கி வச்சிருக்கிறது ராத்திரி லைட் அணைச்சுட்டு கேட்டாதான் புரியும். 'ஃப்ரீக்ஷோ'ல வர்ற அந்த நெளியுற டப்ஸ்டெப் (கனமான பேஸ் வச்ச எலக்ட்ரானிக் இசை வகை) பேஸ், அமெரிக்க பாப்ல அது சகஜமா ஆகுறதுக்கு சில வருஷம் முன்னாடியே இதுல இருக்கு.

எல்லாமே சூப்பர்னு சொல்ல மாட்டேன். 'ஊ ஊ பேபி', 'பெர்ஃபெக்ட் லவர்' ரெண்டும் இன்னமும் மனசுல ஒட்டல. கடைசியா ப்ரொட்யூசர் ஃபாரல் பண்ணின 'ஒய் ஷுட் ஐ பி சாட்' தனியா கேட்டா நல்ல பாட்டு, ஆனா அதுவரைக்கும் இருந்த இருட்டு மூட அது கலைச்சுடுது.

ஆல்பம் வந்து நாலு மாசம் கூட ஆகல, 2008 பிப்ரவரில அவங்க வாழ்க்கையோட கட்டுப்பாடே கோர்ட் மூலமா அப்பா கைக்குப் போச்சு, அந்த ஏற்பாடு முடிஞ்சது 2021 நவம்பர்லதான். அது தெரிஞ்சப்புறம் இத கேக்கும்போது வலிக்குது, ஏன்னா தன் இஷ்டத்துக்கு அவங்க பண்ணின ஆல்பம் இதுன்னுதான் நான் நினைக்கிறேன்.

2012ல ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் லைப்ரரியில சேர்த்தாங்க, 2020ல ரோலிங் ஸ்டோன் இசைப் பத்திரிகை தன்னோட 500 சிறந்த ஆல்பம் லிஸ்ட்ல 441வது இடம் குடுத்துச்சு. சந்தோஷம்தான், ஆனா அவங்களுக்குத் தேவைப்பட்ட நேரத்துல இந்த மரியாதை கிடைக்கலயேன்னு கோவமும் வருது.

புதுசா கேக்கப் போறவங்க அந்த விருது மேடை வீடியோவ முதல்ல பாக்காதீங்க. 'பிரேக் தி ஐஸ்'ல ஆரம்பிங்க, அப்புறம் முதல் பாட்டுல இருந்து வரிசையா போங்க, ஷஃபிள் வேண்டாம்.