துண்டு எலும்பை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்ல எதை நம்பலாம்?

முழு எலும்புக்கூடு கிடைத்தால் பெரிய சிக்கல் இல்லை. தடயவியலுக்கு வருவதோ பெரும்பாலும் நாய் கடித்து, மண் அரித்து மிஞ்சிய துண்டுகள்தான். அதனால் துல்லியமான முறை எது என்று கேட்பதற்கு முன், எந்தத் துண்டு தப்பியிருக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

துல்லியத்தில் இடுப்பெலும்பை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதிலும் முன்பக்கம் இடமும் வலமும் சந்திக்கும் இடம். 1969-ல் மானுடவியலாளர் ஃபெனிஸ் அங்கே மூன்று அடையாளங்களைக் காட்டினார். பெண்களுக்கு முன்முகத்தில் ஒரு மெல்லிய வரம்பு சாய்வாக இறங்கும், அதன் கீழ்க்கிளை உள்வாங்கிக் குழிந்திருக்கும், கிளையின் உள்விளிம்பு கூராக இருக்கும். சுமார் 96 சதவீதம் சரியாக வந்தது என்றார். ஆனால் மெல்லிய அந்தப் பகுதிதான் முதலில் நொறுங்கும்.

அதே எலும்பின் பின்பக்கம் இருக்கும் பெரிய வளைவு கெட்டியானது, அடிக்கடி தப்பிவிடும். அகலமாக இருந்தால் பெண், குறுகலாக இருந்தால் ஆண். சரி, நடுத்தரமாக இருந்தால்? இளவயதில் இறந்த ஆண்களுக்கும் இது அகலமாக இருக்கலாம். தனியாக இதை மட்டும் வைத்து நான் முடிவு எழுத மாட்டேன்.

மண்டையோட்டுக்குக் கிடைக்கும் மரியாதை அதிகம் என்றே நினைக்கிறேன். புருவமேடும் காதுக்குப் பின்னிருக்கும் முண்டும் வயதோடு மாறும், பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தும் மாறும். 2011-ல் மானுடவியலாளர்கள் ஸ்ப்ராட்லியும் ஜான்ட்ஸும் அமெரிக்க எலும்புகளை ஒப்பிட்டபோது, கை கால் எலும்புகளின் அளவுகளே மண்டையோட்டைவிட நன்றாகப் பிரித்துக் காட்டின.

எனவே தொடை எலும்பின் உருண்டைத் தலை கிடைத்தால் காலிப்பரை எடுங்கள். மானுடவியலாளர் ஸ்டூவர்ட்டின் பழைய அட்டவணைப்படி விட்டம் 42.5 மில்லிமீட்டருக்குக் கீழே பெண், 47.5-க்கு மேலே ஆண். ஆனால் அது அமெரிக்க வெள்ளையரை அளந்து போட்ட கோடு. உடல்வாகு சிறிதான நம் பக்கத்து ஆணை அது பெண் என்று சொல்லிவிடும். அந்தந்த மக்களின் அளவுகள் இல்லாமல் இதைத் தொடவே கூடாது. எரிந்த எலும்பு சுருங்கும் என்பதால் அங்கே இன்னும் கவனம் வேண்டும்.

பருவம் எய்தாத குழந்தையின் எலும்பில் இவை எதுவுமே உதவாது. அங்கே டிஎன்ஏதான், அல்லது பல். பல் எனாமலின் புரதத்தை உருவாக்கும் அமெலோஜெனின் மரபணுவின் எக்ஸ் குரோமோசோம் வடிவமும் ஒய் குரோமோசோம் வடிவமும் நீளத்தில் வேறுபடும், அதை வைத்துத்தான் வழக்கமான பரிசோதனை. இதிலும் ஒரு ஓட்டை உண்டு. சில ஆண்களுக்கு அந்த ஒய் துண்டே இருக்காது. 1998-ல் வெளிவந்த ஆய்வில் இலங்கை ஆண்கள் 24 பேரில் 2 பேருக்கும், 2002-ல் இந்திய ஆண்கள் 270 பேரில் 5 பேருக்கும் அப்படி இருந்தது. இது நம் பகுதிக்கு அலட்சியப்படுத்தக்கூடிய விஷயமே அல்ல.

2017-ல் வந்த எனாமல் முறை அதே அமெலோஜெனினின் புரதத்தைத் தேடுகிறது. பல்லின் மேற்பரப்பை அமிலத்தால் லேசாகக் கரைத்தால் போதும், டிஎன்ஏ அழிந்த பிறகும் புரதம் எனாமலில் தங்கியிருக்கும். சிதைந்த துண்டுகளுக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் எக்ஸ் புரதம் வலுவாகத் தெரிந்து ஒய் தெரியாதபோது மட்டுமே 'பெண்' என்று எழுதலாம். ஒய் துண்டு இல்லாத ஆண் இங்கேயும் பெண்ணாகத்தான் தெரிவார். டிஎன்ஏ கொஞ்சமாவது எடுக்க முடிந்தால், ஒய் குரோமோசோமில் உள்ள, ஆண்பாலைத் தீர்மானிக்கும் எஸ்ஆர்ஒய் மரபணுவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.