மலை ரயிலில் எந்தத் துண்டுக்கு டிக்கெட் போடுவது?

ஊட்டி மலை ரயிலைப் பற்றி வரும் புகார்களில் பாதி, தப்பான துண்டில் ஏறியதால் வருபவை. குன்னூரிலிருந்து ஊட்டிக்கு டீசல் இன்ஜினில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் போய்விட்டு, "இதுக்கா இவ்ளோ பேச்சு?" என்று இறங்குபவர்கள் நிறைய. கேத்திப் பள்ளத்தாக்கு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் 1899-ல் குன்னூர் வரை ஓடத் தொடங்கி 1908-ல் ஊட்டியைத் தொட்ட இந்தப் பாதைக்கு 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டம் வாங்கித் தந்த சங்கதி, கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடைப்பட்ட சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது. அதையும் மேலே ஏறும்போது பார்க்க வேண்டும்.

பாதை தொடங்கும் மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர், முடியும் ஊட்டி 2,203 மீட்டர். மொத்தம் 46 கிலோமீட்டர். 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். முதல் எட்டு கிலோமீட்டரில் பாக்குத் தோப்புகளைத் தவிரப் பெரிதாக எதுவும் இல்லை. கல்லாறு ஸ்டேஷனைத் தாண்டியதும் வண்டி கிட்டத்தட்ட நின்றே விடும். காலுக்கு அடியில் ஒரு உதறல், இரும்பு இரும்பைக் கவ்வும் ஒரு நறநறப்பு. இன்ஜினின் பல்சக்கரம் தண்டவாளத்துக்கு நடுவே இருக்கும் பல்சட்டத்தைப் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். பேச்சை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுக்க வேண்டிய இடம் இது.

இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல் வெட்டிய இரும்புச் சட்டங்கள் இரண்டு, பக்கம் பக்கமாக ஓடுகின்றன. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் இடைவெளி வரும்படி பதித்திருக்கிறார்கள். படி ஏறுகிறவர் ஒரு காலைத் தூக்கும்போது மறு கால் ஊன்றியிருக்குமே, அதே கணக்கு. 12 மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரும் ஏற்றத்தில் வழுவழுப்பான சக்கரத்தை மட்டும் நம்ப முடியாது. இன்ஜினில் நான்கு சிலிண்டர்கள். சமதளத்தில் கீழ் ஜோடி மட்டும் வேலை செய்து ஓடும் சக்கரங்களைத் தள்ளும். பல்சட்டத்தில் ஏறியதும், அதே நீராவி வீணாகாமல் மேல் ஜோடிக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றும். அதனால்தான் கல்லாறுக்கு முன்பும் பின்பும் இன்ஜின் போடும் தாளம் வேறுவேறாகக் கேட்கிறது. இங்கே வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர்தான். பஸ்ஸோடு ஒப்பிட்டு அலுத்துக்கொள்பவர்கள் பஸ்ஸிலேயே போய்விடலாம்.

அடுத்தது, எங்கே உட்காருவது. வலதா இடதா என்று கேட்பவர்களே அதிகம். இத்தனை வளைவுள்ள பாதையில் அதைவிட முக்கியம் எந்தப் பெட்டி என்பதுதான். இந்தப் பல்சக்கரப் பாதையில் இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம் இருக்கும். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். ஆகவே ஏறும் வண்டியில் முதல் பெட்டிக்கு முன்னால் மறைக்க எதுவும் கிடையாது, பாதை நேராகத் தெரியும். முதல் வகுப்பு அங்கேதான். காட்சி வேண்டுமென்றால் காசு கொடுத்து அதில் போங்கள். இயந்திரத்தைக் கேட்க வேண்டுமென்றால் கடைசிப் பெட்டி, அதாவது இன்ஜினை ஒட்டியது. எங்கள் ஓட்டு கடைசிப் பெட்டிக்கு.

கடைசிப் பெட்டியில் ஒரு தொல்லையும் உண்டு. குகைக்குள் இன்ஜின் விடும் புகை முதலில் தேடி வருவது அங்கேதான். விசில் சத்தம் கேட்டு முன்னால் இருட்டு தெரிந்ததும் ஷட்டரை இறக்கிவிடுங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம். நிலக்கரி காலத்தில் கண்ணில் துகள் விழும். எண்ணெய் எரிக்கும் இன்ஜின்கள் வந்தபின் துகள் குறைந்து வாடை கூடியது.

ஒவ்வொரு பெட்டியின் மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்பார். பின்னால் இருக்கும் டிரைவருக்குப் பாதை தெரியாது. முதல் பெட்டிக்காரர் காட்டும் கொடி பெட்டிக்குப் பெட்டி கைமாறிப் போய்த்தான் அவரைச் சேர்கிறது. ஜன்னலுக்கு வெளியே தலையையும் செல்போனையும் நீட்டுபவர்கள் அந்தக் கொடியை மறைக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

பெட்டிகளில் கழிப்பறை கிடையாது. குழந்தைகளோடு போகிறவர்கள் மேட்டுப்பாளையத்திலேயே வேலையை முடித்துவிட்டு ஏறுங்கள். அடுத்த நல்ல வாய்ப்பு ஹில்குரோவ். அங்கே இன்ஜின் தண்ணீர் குடிக்க நிற்கும். எல்லோரும் இறங்கலாம், டீயும் வடையும் கிடைக்கும். வடையைக் கையில் பிடித்துக்கொண்டு படம் எடுக்க நின்றால் அது குரங்குக்குத்தான். அவை மரத்திலிருந்து வருவதில்லை, பெட்டியின் கூரையிலிருந்து கையை மட்டும் கீழே விடும். உள்ளே வைத்த பையும் பத்திரமில்லை. இறங்கும்போது ஷட்டரைச் சாத்திவிட்டு இறங்குங்கள்.

குன்னூரில் நீராவி இன்ஜினைக் கழற்றி டீசலை மாட்டுவார்கள். வண்டி கொஞ்சம் பின்னால் போய் வேறு தடம் பிடித்துத்தான் ஊட்டிக்கு ஏறும். "திரும்பிப் போகுதே" என்று பதற வேண்டாம். இந்த நிறுத்தத்தில் பக்கத்திலிருக்கும் பணிமனையை எட்டிப் பார்க்கலாம். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்த பழைய இன்ஜின்களும், அதே வடிவில் திருச்சி பொன்மலையில் செய்த புதியவையும் அங்கேதான் பராமரிக்கப்படுகின்றன.

டிக்கெட் விஷயம். ஏறும் வண்டி நாளுக்கு ஒன்றுதான், காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பி நண்பகலில் ஊட்டி. இறங்குவது பிற்பகல் 2 மணிக்கு. 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. கோடை விடுமுறைக்கும் தொடர் விடுப்புக்கும் திறந்த காலையிலேயே போடாவிட்டால் வெயிட்டிங் லிஸ்ட்தான். ஏற்றத்தில் இன்ஜின் தள்ளக்கூடிய பெட்டிகளே சில என்பதால் கூட்டம் வந்தாலும் பெட்டி கூடாது. முன்பதிவில்லாத சீட்டு சொற்பம், அதற்கு விடியுமுன் வரிசை. சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் வருபவர்கள் இரண்டு டிக்கெட்டையும் ஒரே நாளில் போட்டுவிடுங்கள். ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காமல் போவதுதான் வழக்கமான சோகம்.

மாதம் பார்த்துப் போடுங்கள். கல்லாறு - குன்னூர் சரிவு வடகிழக்குப் பருவமழையை நேராக வாங்கும் பக்கம். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை மண் சரிந்தோ பாறை உருண்டோ மரம் விழுந்தோ வண்டி ரத்தாவது சர்வ சாதாரணம். அப்போதும் குன்னூர் - ஊட்டி வண்டிகள் பெரும்பாலும் ஓடும். முந்தைய நாள் இரவும் கிளம்பும் காலையும் ரயில் ரத்து பற்றிக் குறுஞ்செய்தி வந்திருக்கிறதா என்று செல்போனைப் பாருங்கள். ஜனவரி, பிப்ரவரிதான் எங்கள் தேர்வு. வானம் தெளிவு, கூட்டம் மட்டு, குளிர் மட்டும் ஊட்டியில் இறங்கியதும் கடிக்கும். ஸ்வெட்டரைப் பையின் அடியில் போட்டுவிடாதீர்கள்.

புதிய பெட்டிகளில் கண்ணாடி அகலம், இருக்கையும் மெத்தென்று இருக்கிறது. ஆனாலும் வரிசைக்கு ஒரு கதவு வைத்த பழைய பெட்டிகளில் காற்று தாராளம். பெரிய சூட்கேஸ் இரண்டிலும் இடிக்கும், கால் வைக்கும் இடத்தைத்தான் அது பிடித்துக்கொள்ளும். தோள்பையோடு வாருங்கள், தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. நீலகிரிக்குள் நுழையக் கேட்கும் இ-பாஸ் அனுமதி, வண்டி ஓட்டி வருபவர்களுக்குத்தான், ரயிலில் வந்தால் தேவையில்லை.

ஏறவும் இறங்கவும் இதே ரயில் வேண்டுமா? வேண்டாம் என்போம். இறங்கும்போது இன்ஜினுக்குத் தாங்கிப் பிடிக்கும் வேலைதான், அந்தத் தாளம் வராது. ஊட்டியிலிருந்து கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ்ஸில் வந்தால் மலையின் வேறொரு முகமும் பார்த்ததாகும், ரயிலில் ஓர் இடம் இன்னொருவருக்கும் மிஞ்சும்.