வேலூரில் இரண்டு ஆய்வு வழிகள்: சொட்டு மருந்தும் சிப்பாய் எழுச்சியும்

ரோட்டா வைரஸால் குழந்தைகளுக்கு வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டாவேக் சொட்டு மருந்தை வேலூர், டெல்லி, புனே பகுதிகளில் 6,799 குழந்தைகளிடம் சோதித்தார்கள். யாருக்கு மருந்து, யாருக்குப் போலிச் சொட்டு என்பதைக் குலுக்கல் முறை முடிவு செய்தது, கொடுத்தவருக்கும் தெரியாது. அப்புறம் கடுமையான வயிற்றுப்போக்கு எந்தப் பக்கம் குறைவு என்று எண்ணினார்கள். மருந்து வேலை செய்கிறதா என்று அறிய இதைவிட நல்ல வழி இல்லை.

வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்ததை ஆராய அந்த வசதி கிடையாது. சிப்பாய்களை அணியச் சொன்ன, தோல் வைத்த புதுத் தலைப்பாகையா, அங்கே காவலில் இருந்த திப்புவின் மகன்களா, எது முக்கியக் காரணம்? தலைப்பாகையை மட்டும் நீக்கிவிட்டு அந்த இரவை மறுபடி நடத்த முடியாது. சரி, ஆவணங்கள்தான். அவற்றிலும் பெரும்பாலானவை சிப்பாய்களை வேலைக்கு வைத்திருந்த கிழக்கிந்தியக் கம்பெனி எழுதியவை. விசாரணையில் சிப்பாய் உயிர்ப்பயத்தோடு பேசியிருப்பான். இப்படி ஆவணங்களை வைத்து ஆராய்வது அறிவியலுக்குக் குறைந்தது என்பதை நான் ஏற்கமாட்டேன். யார், யாரிடம், எதற்காகச் சொன்னார் என்று வரிவரியாகச் சலிப்பதும் கடுமையான வேலைதான்.